முதலாண்டு கணினிப் பாடங்களில் பாதி வகுப்பு தோற்கிறது: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதலாண்டு மாணவர்களுக்கு சி மொழியும், அடுத்த செமஸ்டரில் அதே மாணவர்களுக்கு டிஜிட்டல் பாடமும் எடுக்கிறேன். அறுபது பேர் வகுப்பில் முதல் இன்டர்னல் தேர்விலேயே பாதிப் பேருக்கு மேல் தோற்றுவிட்டார்கள். சிறப்பு வகுப்பு வைத்தேன், முக்கியக் கேள்விகளைக் குறித்துக் கொடுத்தேன். மாற்றம் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்:

சிறப்பு வகுப்பு வைத்தும் மாற்றம் வராததற்குக் காரணம் உங்கள் உழைப்பில் உள்ள குறை அல்ல. வலி ஓரிடத்தில் இருக்க, மருந்து வேறிடத்தில் போட்டிருக்கிறோம். பதினெட்டு ஆண்டுகளாக முதலாண்டு வகுப்புகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அதில் முதல் ஏழெட்டு ஆண்டுகள் நானும் இதைத்தான் செய்தேன்.

அடுத்த வகுப்பில் வேறெதையும் தொடங்கும் முன் இதைப் பலகையில் எழுதுங்கள். அ என்ற மாறியில் (மதிப்பை வைத்திருக்கும், பெயரிட்ட இடம்) 5 இருக்கிறது. ஆ என்ற மாறியில் 7. அடுத்த வரி: அ = ஆ. அதற்கடுத்த வரி: ஆ = அ. இப்போது இரண்டிலும் என்ன இருக்கும்? பெயர் எழுதாத துண்டுத் தாளில் விடை வாங்கிக்கொள்ளுங்கள். சரியான விடை 7, 7. முதல் வரி ஓடியதுமே அ-வில் இருந்த 5 அழிந்துவிட்டது. ஆனால் உங்கள் கைக்கு வரும் தாள்களில் "7, 5" என்று நிறைய இருக்கும். இடம் மாறிக்கொண்டன என்று நினைத்திருப்பார்கள். சிலர் வெறுமனே கோடு போட்டுத் தந்திருப்பார்கள்.

அப்படிக் கோடு போட்டுத் தந்த ஒரு மாணவியிடம் ஒருமுறை காரணம் கேட்டேன். பிளஸ் டூ கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர். "அ 5, ஆ 7 என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள் சார். பிறகு அ = ஆ என்றால் அது தப்பான சமன்பாடு இல்லையா?" என்றார். எத்தனை நேர்மையான பதில்! பன்னிரண்டு ஆண்டுகள் சமக்குறிக்கு ஒரே பொருளைத்தான் பள்ளி சொல்லித் தந்திருக்கிறது. அதை அவர் கைவிடவில்லை. இங்கே அந்தக் குறிக்குப் பொருள் வேறு, "வலப்பக்கம் இருப்பதைப் பார்த்து இடப்பக்கத்தில் எழுது" என்கிற கட்டளை அது, என்று நான் ஒரே ஒரு நிமிடம் சொல்லிவிட்டுக் கடந்திருந்தேன். அவர் அந்த நிமிடத்தில் விழுந்தார். தேர்வில் தோற்றது ஆறு வாரம் கழித்து.

என் பதிலின் மையம் இதுதான். நம் மாணவர்கள் நிரல் (புரோகிராம்) எழுதத் தெரியாமல் தோற்பதில்லை. எழுதப்பட்ட நிரலை வாசிக்கத் தெரியாமல் தோற்கிறார்கள். ஒவ்வொரு வரி ஓடும்போதும் கணினிக்குள் என்ன மாறுகிறது என்ற படம் அவர்கள் மனத்தில் இல்லை. அந்தப் படம் இல்லாதவருக்கு எத்தனை முக்கியக் கேள்விகள் கொடுத்தாலும் அவை மனப்பாடச் செய்யுளாகத்தான் போய்ச் சேரும்.

இது நம் ஊரின் தனிப் பிரச்சினையும் இல்லை. 2001-இல் மைக்கேல் மெக்கிராக்கன் தலைமையில் ஒரு குழு, பல்கலைக்கழகங்களில் முதல் நிரலாக்கப் பாடத்தை முடித்த 216 மாணவர்களுக்கு எளிய கணிப்பான் நிரல் ஒன்றை எழுதச் சொன்னது. 110 மதிப்பெண்ணுக்குச் சராசரியாகக் கிடைத்தது 23-க்கும் குறைவு. பிரச்சினையைத் தீர்க்கும் திறன் மாணவர்களுக்கு இல்லை என்றுதான் முதலில் எல்லோரும் எண்ணினார்கள். 2004-இல் ரேமண்ட் லிஸ்டரும் அவருடன் பல நாட்டு ஆசிரியர்களும் இன்னும் கீழே இறங்கிப் பார்த்தார்கள். எழுதச் சொல்லவில்லை, சிறு நிரல்களைக் கொடுத்து, ஓடி முடிந்ததும் மாறியில் என்ன இருக்கும் என்றும், விடுபட்ட இடத்தில் எந்த வரி வரும் என்றும் கேட்டார்கள். அதிலேயே பலர் தடுமாறினார்கள். வாசிப்பு வராத இடத்தில் எழுத்து எப்படி வரும்? 15 நாடுகளின் 161 பாடங்களைத் தொகுத்து 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று, முதல் நிரலாக்கப் பாடத்தில் சராசரித் தேர்ச்சி 67.7 விழுக்காடு என்றது. உலகெங்கும் மூவரில் ஒருவர் தோற்கிற பாடம் இது.

"புரோகிராமிங் சிலருக்குத்தான் வரும், பிறவியிலேயே இருக்க வேண்டும்" என்று ஆசிரியர் அறையில் யாராவது சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தயவுசெய்து அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அது உண்மையானால் மதிப்பெண்கள் வருபவர், வராதவர் என்று இரண்டு குவியலாகப் பிரிந்திருக்க வேண்டும். எலிசபெத் பட்டிட்சாஸ் குழுவினர் 2016-இல் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் 778 மதிப்பெண் பரவல்களைச் சோதித்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குவியல் தென்பட்டது 5.8 விழுக்காட்டில் மட்டுமே. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்து அந்தோணி ராபின்ஸ் 2010-இல் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. நிரலாக்கத்தில் ஒவ்வொரு கருத்தும் முந்தையதன் தோளில் நிற்கிறது. முதல் படியில் கால் ஊன்றியவருக்கு அடுத்த படி எளிதாகிறது. வழுக்கியவருக்கு அடுத்த படி இன்னும் கடினமாகிறது. தொடக்கத்தில் சிறிதாக இருந்த இடைவெளி செமஸ்டர் முடிவில் பள்ளத்தாக்காகிவிடுகிறது. ஆகவே உங்கள் சக்தியை எங்கே கொட்ட வேண்டும் என்று கேட்டால், முதல் மூன்று வாரங்களில் என்பேன். தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களில் அல்ல.

அந்த மூன்று வாரங்களில் நான் செய்வதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மாறியை விளக்க முன்பெல்லாம் டம்ளர் உவமை சொல்வேன். ஒரு டம்ளரில் காபி, ஒன்றில் டீ, இரண்டையும் மாற்ற மூன்றாவது டம்ளர் வேண்டும். வகுப்பு உடனே தலையாட்டும். ஆனால் அந்த உவமை ஒரு பொய்யையும் சேர்த்து ஊட்டிவிடுகிறது. டம்ளரில் இருந்து ஊற்றினால் அது காலியாகிவிடும். மாறியிலிருந்து எடுத்தால் எடுத்த இடத்தில் மதிப்பு அப்படியே இருக்கும். "ஆ-வை அ-வில் போட்டுவிட்டோமே, ஆ-வில் இப்போது ஒன்றும் இருக்காதே?" என்று மாணவர்கள் கேட்கத் தொடங்கிய பிறகுதான் தவறு புரிந்தது. இப்போது சிலேட்டுக்கு மாறிவிட்டேன். நான்கு மாணவர்களை முன்னால் நிறுத்தி ஆளுக்கொரு சிலேட்டுக் கொடுத்துவிடுவேன். ஒவ்வொருவரும் ஒரு மாறி. ஐந்தாமவர் நிரலை ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசிப்பார். "அ = ஆ" என்றதும் அ-வாக நிற்பவர் பக்கத்துச் சிலேட்டை எட்டிப் பார்த்து, தன் சிலேட்டைத் துடைத்து, பார்த்ததை எழுத வேண்டும். துடைத்ததை மீட்க முடியாது என்பதும், பார்த்ததால் பக்கத்துச் சிலேட்டு அழிவதில்லை என்பதும் கண்ணெதிரே நடக்கும். அந்த 5 எங்கே போனது என்று அதன்பிறகு யாரும் கேட்பதில்லை; சிலேட்டுத் துடைத்தவரின் விரலில் இருக்கிறது.

சிலேட்டிலிருந்து தாளுக்கு வருவோம். பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, மாறிகளின் பெயரை மேலே எழுதி, வரி ஓட ஓட மதிப்புகளைக் கீழே எழுதிக்கொண்டே போவது. இந்த ஓட்டக் கட்டம் போடாமல் என் வகுப்பில் முதல் மாதம் எந்த நிரலும் இல்லை. வட்டி கணக்கிடும் நிரல், மூன்று எண்ணில் பெரியது, ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டுவது, எல்லாம் நான் எழுதியவை. அவர்கள் வேலை ஓட்டிப் பார்ப்பது மட்டும். 5-ஐ 2-ஆல் வகுத்தால் சி மொழியில் 2 வருவதைக் கட்டத்தில் எழுதும்போது ஒரு சலசலப்பு எழும். அந்தச் சலசலப்பு நல்லது, அதை அடக்க வேண்டாம்.

அடுத்த படி, சிதறிய வரிகளை ஒழுங்குபடுத்துவது. டேல் பார்சன்ஸ், பட்ரீஷியா ஹேடன் இருவரும் 2006-இல் அறிமுகப்படுத்திய பயிற்சி இது. சரியான நிரலின் வரிகளைத் தனித்தனியாக வெட்டிக் கலைத்துக் கொடுப்பது. சில நேரம் வேண்டாத வரி ஒன்றையும் சேர்ப்பது. ஜெராக்ஸ் எடுத்துக் கத்தரித்து, கவரில் போட்டு வைத்திருக்கிறேன். வெற்றுத் தாளைப் பார்த்ததும் உறைந்துபோகிற மாணவர்கள், கையில் எட்டுத் துண்டுகள் இருந்தால் வாதாடத் தொடங்குகிறார்கள். "கூட்டு = 0 உள்ளே வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அழிந்துவிடுமே!" என்று ஒரு மாணவர் இன்னொருவரிடம் சொல்லும்போது, லூப் (ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது) என்ற கருத்து அங்கே பிடிபட்டுவிட்டது. அதன் பிறகுதான் இருக்கிற நிரலைச் சற்று மாற்றுவது, அதற்கும் பிறகு வெற்றுத் தாளில் எழுதுவது.

வகுப்பில் கேள்வி கேட்கும் முறையையும் மாற்றுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது சார்" என்ற கூட்டுக்குரல்தான் வரும். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறை ஒன்று உண்டு. ஒரு கேள்வியும் நான்கு விடைகளும். முதலில் தனியாக யோசித்து வாக்களிக்க வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் வாதாட வேண்டும், மறுபடி வாக்களிக்க வேண்டும், கடைசியில்தான் ஆசிரியர் பேசுவார். சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நான்கு கணினிப் பாடங்களில் இதைப் பின்பற்றியபோது தோல்வி சராசரியாக 20 விழுக்காட்டிலிருந்து 7 ஆகக் குறைந்தது என்று 2013-இல் எழுதினார்கள். அங்கே கையில் மின் கருவி வைத்து வாக்களித்தார்கள். நமக்கு நான்கு நிற அட்டைகள் போதும். நல்ல கேள்விக்கு ஓர் உதாரணம்: 1 முதல் 5 வரை ஓடும் ஃபார் லூப், அந்த வரியின் முடிவில் தவறுதலாக ஒரு செமிகோலன், அடுத்த வரியில் எண்ணை அச்சிடும் கட்டளை. திரையில் என்ன வரும்? பெரும்பாலோர் 1 2 3 4 5 என்பார்கள். செமிகோலனைக் கவனித்தவர்கள் 5 என்பார்கள். விடை 6, ஏனென்றால் அந்தச் செமிகோலனால் லூப் எதையும் அச்சிடாமல் வெறுமனே சுழலும், எண் 6 ஆன பிறகுதான் நிற்கும். இந்த ஒரு கேள்வியில் அரை மணி நேரம் போகும். போகட்டும்.

ஆய்வகத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எனக்கு மிகவும் வேதனை தருவது அந்த அறைதான். அப்சர்வேஷன் நோட்டில் நிரல், அதன் கீழே வெளியீடு, இரண்டையும் சீனியரின் நோட்டைப் பார்த்து வீட்டிலேயே எழுதிக்கொண்டு வருகிறார்கள். நிரலைத் தட்டச்சு செய்யும் முன்பே வெளியீடு தயார்! பிறகு ரெக்கார்டு நோட்டில் அதையே அழகாக எழுதி, கையெழுத்து வாங்க வரிசையில் நிற்கிறார்கள். ஒரு செமஸ்டரில் எத்தனை மணி நேரம் இந்த நகலெடுப்பில் கரைகிறது! ரெக்கார்டை ஒழிக்க உங்களுக்கு அதிகாரம் இருக்காது. ஆனால் அப்சர்வேஷன் நோட்டில் என்ன எழுத வேண்டும் என்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. நிரலுக்குப் பதிலாக ஓட்டக் கட்டத்தைக் கேளுங்கள். அன்று வந்த பிழைகளில் ஒன்றையும், அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் மூன்று வரியில் கேளுங்கள். பிழைச் செய்தியை வாசிப்பதும் கற்பிக்க வேண்டிய ஒன்று. ஏழாவது வரியில் செமிகோலனை விட்டுவிட்டால் கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) பல நேரம் எட்டாவது வரியைச் சுட்டும். எட்டாவது வரியையே முறைத்துப் பார்த்துக் கண்கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். "சுட்டிய வரியில் ஒன்றும் இல்லையென்றால் ஒரு வரி மேலே பார்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அந்தக் கண்ணீர் மிச்சம்.

கணினி போதாமல் இருவருக்கு ஒன்று என்று உட்கார வைக்கிறோம். தெரிந்தவர் தட்டச்சு செய்வார், தெரியாதவர் வேடிக்கை பார்ப்பார். இருவராக நிரல் எழுதும் முறைக்குப் பலன் உண்டு என்று கலிபோர்னியாவிலும் வட கரோலினாவிலும் நீண்ட காலம் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு விதி உண்டு. ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் தட்டச்சு செய்ய வேண்டும், குறித்த நேரத்தில் இடம் மாற வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து இடம் மாற்றுங்கள். பற்றாக்குறையே அப்போது பயிற்சியாகிவிடும்.

இனி, உங்கள் வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃப் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று கணக்கிடப்படுகிறது. கணினி அறிவியலுக்கு அதில் இடம் இல்லை. ஆகவே பள்ளியில் சி++, பைத்தான் இரண்டும் படித்தவரும், உயிரியல் எடுத்து விசைப்பலகையையே தொடாதவரும் ஒரே கட்-ஆஃப் வாங்கி ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள். முதல் வாரம் முன்னவர் சட்டென்று பதில் சொல்லும்போது பின்னவர் "எனக்கு மட்டும்தான் வரவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார். அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரி 2006 வாக்கில் இதைத்தான் முதலில் சரிசெய்தது. முன்னனுபவம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் தனிப் பிரிவாக்கி, அவற்றுக்கு "உயர்", "தாழ்" என்றில்லாமல் நிறங்களின் பெயரைச் சூட்டினார்கள். எல்லாப் பதிலையும் தானே சொல்கிற மாணவரை ஆசிரியர் தனியே அழைத்து அன்பாகப் பேசினார். பாடத்தையும் மாற்றியமைத்தார்கள். கணினி அறிவியலை எடுக்கும் பெண்களின் பங்கு சில ஆண்டுகளில் பத்தில் ஒன்று என்பதிலிருந்து நாற்பது விழுக்காடு அளவுக்கு உயர்ந்தது. உங்களால் வகுப்பைப் பிரிக்க முடியாது. ஆய்வகப் பிரிவுகளை மட்டுமாவது பதிவு எண் வரிசையை விட்டுவிட்டு முன்னனுபவத்தைப் பார்த்துப் பிரிக்கலாமா என்று துறைத் தலைவரிடம் கேட்டுப் பாருங்கள்.

மொழியும் இதோடு சேர்ந்தது. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்தது. அவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். "லூப்" என்றால் விழிக்கிற மாணவருக்கு "மடக்கு" என்றால் தெரியும். "அர்ரே" புதிது, "அணி" பழக்கம். "ஃபங்ஷன்" என்று நாம் சொல்வதை "செயற்கூறு" என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பார். தெரிந்த ஒன்றையே தெரியாத பெயரில் கேட்டுத் தவிக்கிறார்கள். பலகையின் ஓரத்தில் இரண்டு சொற்களையும் அருகருகே எழுதி வையுங்கள். தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆனால் முதலில் புரிவது தமிழில் நடக்கட்டும். விவாதம் தமிழில், விடைத்தாள் ஆங்கிலத்தில் என்று நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வரத் தொடங்கியது அதன்பிறகுதான்.

டிஜிட்டல் பாடத்திலும் இதே நோய்தான், வேறு வேடத்தில். தர்க்கக் கோவைகளைச் சுருக்க உதவும் கட்டமான கார்னா வரைபடத்தில் 00, 01, 11, 10 என்று ஏன் வரிசை மாறுகிறது என்று கேட்டுப் பாருங்கள். "அப்படித்தான் சார் போட வேண்டும்" என்பார்கள். அவர்களையே 00, 01, 10, 11 என்று போட்டுக் கட்டங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். 01-க்கும் 10-க்கும் இடையில் இரண்டு பிட்டுகள் மாறுவதால் எந்த மாறியையும் நீக்க முடியாமல் திணறுவார்கள்; காரணம் தானே விளங்கும். ஆய்வகத்தில் 7408 ஐசியின் (எல்லா உள்ளீடும் 1 ஆனால்தான் 1 தரும் ஆண்ட் கேட்டுகள் கொண்ட சில்லு) ஓர் உள்ளீட்டுக் கம்பி கழன்றிருக்கும், விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். "ஐசி போய்விட்டது" என்று வேறொன்று கேட்டு வருவார்கள். டிடிஎல் வகை ஐசியில் எதிலும் இணைக்காமல் விட்ட உள்ளீடு 1 போலவே நடந்துகொள்ளும். அந்த இடத்தில் ஐசியை மாற்றிக் கொடுக்காதீர்கள். வோல்ட்மீட்டரைக் கையில் கொடுத்துக் காலுக்குக் கால் அளக்கச் சொல்லுங்கள். மெய்ப்பட்டியலில் (எந்த உள்ளீட்டுக்கு எந்த வெளியீடு என்று காட்டும் அட்டவணை) இருக்கும் 0-வும் 1-உம் ஒரு கம்பியின் மின்னழுத்தம் என்பதை அவர்கள் அன்றுதான் முதன்முதலாக நம்புவார்கள்.

"இப்படி நடத்தினால் சிலபஸ் முடியுமா?" என்று கேட்பீர்கள். முதல் யூனிட்டில் எனக்கு இரண்டு வாரம் கூடுதலாகப் போகிறது, உண்மைதான். அணியும் செயற்கூறும் வரும்போது அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. கடைசி யூனிட்டில் சிறிது நெருக்கடி இருக்கும். அதை ஒப்புக்கொண்டே செய்கிறேன்.

தேர்வு முறையைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக வினாத்தாள் நம் கையில் இல்லை. ஆனால் கோட்பாட்டுப் பாடத்தின் மதிப்பெண்ணில் ஒரு பகுதி கல்லூரியிலேயே தரும் அகமதிப்பீடு. அதற்குள் உங்களுக்குக் கிடைக்கிற இடமெல்லாம் வாரம் ஒரு பத்து நிமிடத் தேர்வாக மாறட்டும். மூன்றாவது வாரத் தேர்வில் தடுமாறியவர்களின் பெயரை அன்றே குறித்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் தனியாக அழையுங்கள். மறுதேர்வு எழுத விடுங்கள், நல்ல மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலையாகக் கொடுக்கும் நிரலுக்கு இனி மதிப்பெண் தர வேண்டாம்; சாட்ஜிபிடி எழுதியதா, மாணவர் எழுதியதா என்று துப்பறிவதில் பொழுது போய்விடும். கொண்டுவந்த நிரலில் ஒரு வரியை நீங்கள் மாற்றி, "இப்போது என்ன வரும்?" என்று மூன்று நிமிடம் நேரில் கேளுங்கள். சீனியர்களை உதவிக்கு வைத்துக்கொண்டால், முதல் மதிப்பெண்காரரோடு, இதே பாடத்தில் அரியர் வைத்து எழுதித் தேறிய ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே வழுக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

இந்த செமஸ்டரில் ஏற்கனவே தோற்றவர்களுக்கு ஒன்று செய்யுங்கள். ஐந்தைந்து பேராகப் பிரித்து மாலையில் முக்கால் மணி நேரம் உட்காருங்கள். நோட்ஸ் வேண்டாம், முக்கியக் கேள்வி வேண்டாம். ஒரு சிறு நிரல், ஒரு வெற்றுத் தாள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரியாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே கட்டத்தை நிரப்பட்டும். நீங்கள் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருங்கள். பெரும்பாலோருக்கு எந்த வரியில் படம் உடைகிறது என்பது முதல் மாலையிலேயே உங்கள் காதில் விழுந்துவிடும். சிலருக்கு அது சமக்குறியாக இருக்கும், சிலருக்கு லூப் நிற்கும் இடம், சிலருக்கு, உள்ளீட்டை வாங்கும் ஸ்கேன்எஃப் வரியில் அந்த ஆம்பர்சண்ட் (&) குறி எதற்கு என்பது. அடுத்த நாள் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்குங்கள்.